விடைக்குறிப்பின் அதிகாரம்: சீனாவில் ஆங்கில வாசிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலாண் பார்த் அறிவித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. அந்தச் சாவுச் செய்தி தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கு வந்துசேர்ந்து, கருமாதியும் முடிந்து, பிரதிக்கு அர்த்தம் தருபவன் வாசகனே என்பது நம்மிடையே கிட்டத்தட்ட ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. ஆனால் பாருங்கள், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், சீனாவெங்கும் லட்சக்கணக்கான இளைஞர்கள் தேர்வுக்கூடங்களில் உட்கார்ந்து, 'இதன் ஆசிரியர் என்ன கருதுகிறார்?' என்ற கேள்விக்கு விடையளித்துக் கொண்டிருக்கிறார்கள். விடைகள் நான்கு. சரியானது ஒன்று. எது சரி என்பதை முடிவு செய்வது வாசகனும் அல்ல, ஆசிரியனும் அல்ல. விடைக்குறிப்பு.

முதுநிலைப் படிப்புக்கான இந்தத் தேசிய நுழைவுத் தேர்வைச் சீனத்தில் சுருக்கமாகக் 'காவ்யான்' என்கிறார்கள். முதல் நாள் காலையில் அரசியல், பிற்பகலில் அந்நிய மொழி, மறுநாள் துறை சார்ந்த பாடங்கள். 2023ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 47.4 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதுவே இதுவரையிலான உச்சம். 2025இல் இந்த எண்ணிக்கை 38.8 லட்சமாகக் குறைந்தது. வேதியியல் படிக்கப் போகிறவரும் சீனச் செவ்வியல் இலக்கியம் படிக்கப் போகிறவரும் இதற்குத் தப்ப முடியாது. அந்நிய மொழிக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. மொத்தத்தில் எவ்வளவு எடுத்திருந்தாலும் அந்தக் கோட்டைத் தொடாவிட்டால் தேசியக் கோட்டுக்கு வெளியேதான்.

இதை வெறும் கல்விப் பிரச்சினையாகப் பார்த்தால் பேச அதிகமில்லை. 'உருப்போடுகிறார்கள், புரிந்து படிப்பதில்லை' என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அதுவல்ல நமது அக்கறை. ஒரு மொழியின் பிரதியை வாசிக்கும்போது அர்த்தத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஆங்கிலம் சீனாவுக்குள் வந்த வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்த்தால், நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கும் அந்தப் பென்சிலுக்குப் பின்னால் நீண்ட ஒரு கதை தெரிகிறது.

2

தொடக்கத்தில் இந்த அதிகாரம் யாரிடமும் முழுமையாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குவாங்ஜோ துறைமுகக் கடைக்காரர்களுக்காக மலிவான சிறு சொற்புத்தகங்கள் அச்சாயின. 'சிவப்பு முடியர்'களின் பேச்சைக் கற்றுத்தருபவை. அவற்றில் ஆங்கில எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எண்கள், சரக்குகள், மனிதர்கள் என்று சில நூறு சொற்கள். ஆங்கில ஒலியைக் கான்டன் உச்சரிப்பில் சீன எழுத்துகளால் குறித்திருப்பார்கள். இலக்கணம் இல்லை, இலக்கியம் இல்லை. பேரம் முடிந்தால் சொல்லுக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது என்று பொருள். வாங்குபவனும் விற்பவனும் சேர்ந்து கடைவாசலிலேயே தீர்த்துக்கொண்ட அர்த்தம் அது.

இதை ஒரு பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. 1759இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் ஃபிளின்ட் துறைமுக ஊழலைப் பற்றிச் சியென்லுங் பேரரசருக்கே மனுக் கொடுக்கப் போனான். அவனை மூன்றாண்டுகள் சிறைவைத்தார்கள். மனுவைச் சீனத்தில் எழுத உதவிய லியு யாபியனின் தலையை வெட்டினார்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்பவன் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகத்துக்குரியவன். மொழிபெயர்ப்பாளனின் கழுத்து அன்றைக்கே அவ்வளவு மெல்லியதாக இருந்தது.

திருப்பம் 1858இல் வருகிறது. இரண்டாம் அபினிப் போரின் நடுவில் பிரிட்டன் திணித்த தியான்ஜின் உடன்படிக்கையில் வணிகம், துறைமுகம், தூதரகம் பற்றிய பிரிவுகளுக்குப் பின்னே, பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஐம்பதாவது பிரிவு: அதிகாரபூர்வக் கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும், தற்போதைக்குச் சீனப் பிரதி ஒன்று உடனிருக்கும், இரண்டுக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கிலப் பிரதியின் பொருளே சரி. இந்த உடன்படிக்கைக்கும் அதே விதி. ஐம்பத்தோராவது பிரிவு: 'யீ' என்ற சீன எழுத்தைப் பிரிட்டிஷாரைக் குறிக்க அரசு ஆவணங்களில் பயன்படுத்தக்கூடாது. அதற்குக் 'காட்டுமிராண்டி' என்று பொருள் என்பது பிரிட்டிஷாரின் வாதம். அந்த எழுத்துக்கு அந்தப் பொருளை நிலைநாட்டியதே பிரிட்டிஷ் மொழிபெயர்ப்புதான் என்றும், ஒரு சொல்லின் அர்த்தம் பேரரசுகளின் மோதலில் எப்படி உறையவைக்கப்பட்டது என்றும் லிடியா லியு 2004இல் வெளியான தமது நூலில் விரிவாக விவாதித்திருக்கிறார்.

ஆக, பீரங்கிப் படகு கொண்டுவந்தது அபினியை மட்டுமல்ல. அர்த்தத்தின் இறையாண்மையையும்தான். சீனன் தன் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் இனி ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1862இல் பெய்ஜிங்கில் 'தொங்வென் குவான்' என்ற மொழிப்பள்ளி பத்தே மாணவர்களோடு தொடங்கப்பட்டது இந்த நெருக்கடியில்தான். ஷேக்ஸ்பியரை ரசிக்க அல்ல, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சிங் அரசு ஆங்கிலம் படிக்கவைத்தது. அடுத்த ஆண்டில் பிரெஞ்சும் ரஷ்யமும் சேர்ந்தன. நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானியம். இன்றைய காவ்யானில் அந்நிய மொழித் தாள்களுக்கு எண்கள் உண்டு: 201 முதல் ஆங்கிலம், 202 ரஷ்யம், 203 ஜப்பானியம், 204 இரண்டாம் ஆங்கிலம். படையோடும் உடன்படிக்கையோடும் வந்தவர்களின் மொழிகள் பாடக் குறியீடுகளாக வரிசையில் நிற்கின்றன. தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு அது வெறும் எண்தான். வரலாறு இப்படித்தான் தன்னை எண்ணாக்கிக்கொண்டு மறைகிறது.

3

சரி, எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியுமா? முடியாது. 'ஒரே பிரதி, ஒரே அர்த்தம், ஒரே தேர்வு' என்ற ஏற்பாடு சீனத்துக்கு மிகப் பழையது. பேரரசின் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த 'கெஜூ' தேர்வு சுமார் 1300 ஆண்டுகள் நடந்தது. பிற்காலத்தில் அதன் அடித்தளமாக இருந்தவை நான்கு நூல்களும் ஐந்து செவ்வியல் மறைகளும். மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். அவை நெட்டுருவாக இருக்க வேண்டும். நான்ஜிங் தேர்வு வளாகத்தில் 20,000க்கும் மேற்பட்ட சிறு அறைகள் இருந்தன. எழுதுகிறவன் அதற்குள் அடைந்துகொண்டு, அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி எழுத வேண்டும். தேர்வு என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் ஒன்றுசேரும் சடங்கு என்று ஃபூக்கோ சொன்னது ஐரோப்பாவை வைத்து. நான்ஜிங் அறைகளைப் பார்த்திருந்தால் தனது காலவரிசையை அவர் கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கக்கூடும்.

கெஜூவுக்கும் விடைக்குறிப்பு இருந்தது. 1313இல் மங்கோலிய யுவான் அரசு, நான்கு நூல்களுக்கு ஜூ ஷி எழுதிய உரையே தேர்வுக்கு அடிப்படை என ஆணையிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரசவைக்கு ஆகாதவராக இருந்து, அவரது போதனை பொய்க்கல்வி என்று தடைசெய்யப்பட்ட ஒரு சிந்தனையாளரின் வாசிப்பு, அவர் செத்து நூறாண்டு கழிந்ததும் ஒரே சரியான வாசிப்பாக மாற்றப்பட்டது. கலக வாசிப்பு எப்படி அரச வாசிப்பாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. அதற்குப் பின் வந்த எட்டுக்கால் கட்டுரை வடிவத்தில் எழுதுபவன் தன் குரலில் பேசக்கூடாது. ஞானிகளின் இடத்தில் நின்று அவர்களுக்காகப் பேச வேண்டும். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று யாரும் கேட்கவில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்பதே கேள்வி.

இந்த ஏற்பாடு சீனாவோடு நின்றுவிடவுமில்லை. போட்டித் தேர்வு மூலம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் பிரிட்டன் சீனாவுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று தெங் சூ-யு 1943இல் விரிவாக எழுதினார். மெக்காலே தலைமையிலான குழு 1854இல் அறிக்கை தந்து, 1855இல் இந்திய சிவில் சர்வீசுக்கான போட்டித் தேர்வு லண்டனில் தொடங்கியது. நம் ஊர் கலெக்டரை உற்பத்தி செய்த தேர்வுக்கும் நான்ஜிங்கின் சிறு அறைகளுக்கும் இப்படி ஒரு தாயாதி உறவு உண்டு. சீனத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் அல்ல.

கெஜூ 1905இல் ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது தேர்வு. அது உண்டாக்கிய வாசிப்பு முறையும், படித்தவன் கரையேறுவான் என்ற நம்பிக்கையும் ஒழியவில்லை. அந்தக் காலியிடத்தில் ஆங்கிலம் மெல்ல வந்து உட்கார்ந்தது. குத்துச்சண்டைக்காரர் எழுச்சிக்காகச் சீனாமீது சுமத்திய தண்டத்தொகையில் ஒரு பகுதியை அமெரிக்கா திருப்பித் தந்தது. 1909 முதல் அந்தப் பணத்தில் மாணவர்கள் தேர்வு எழுதி அமெரிக்கா போனார்கள். 1911இல் அதற்கான ஆயத்தப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய சிங்குவா பல்கலைக்கழகம். தோற்றவனிடம் பறித்த பணத்தையே உதவித்தொகையாக்கி அவன் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுத்தருவது! மேலாண்மை என்று கிராம்ஷி சொன்னதன் பாடப்புத்தக உதாரணம் இது.

4

1949க்குப் பிறகு அதிகாரத்தின் திசை மாறியது. திசையோடு மொழியும் மாறியது. 1950களில் முதன்மையான அந்நிய மொழி ரஷ்யம். ஆங்கில வாத்தியார்களில் பலர் அவசர அவசரமாக ரஷ்யம் படித்து ரஷ்யம் கற்பித்தார்கள். மாஸ்கோவோடு உறவு கசந்ததும் 1960களில் ஆங்கிலம் திரும்பிவந்தது. சூ குவோஜாங்கின் ஆங்கிலப் பாடநூல்கள் அந்தக் காலத்தின் விளைவு. பின்னர் கலாச்சாரப் புரட்சி. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நின்றது. அந்நிய வானொலி கேட்பது குற்றமாயிற்று. பள்ளியில் எஞ்சிய ஆங்கிலப் பாடம் தலைவரை வாழ்த்தும் முழக்கங்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவதாகச் சுருங்கியது.

1973 ஜூலையில் ஹெனான் மாகாணக் கிராமப்பள்ளி ஒன்றில் 15 வயது மாணவி ஒருத்தி ஆங்கிலத் தேர்வுத் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். பின்பக்கத்தில், நான் சீனப் பெண், எனக்கெதற்கு அந்நிய மொழி, அது தெரியாமலே புரட்சி செய்வேன் என்ற பொருளில் சில வரிகள். பள்ளியில் அவளைக் கண்டித்தார்கள். அவள் நீரில் மூழ்கி இறந்துபோனாள். 1974இல் ஜியாங் சிங் அணியினர் இந்தச் சாவைக் கையிலெடுத்து, முதலாளியக் கல்விமுறை செய்த கொலையாக நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தார்கள். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஆட்சியில் இதே நிகழ்ச்சி நால்வர் குழுவின் குற்றப்பட்டியலில் சேர்ந்தது.

இந்த மரணத்தை இரண்டு தரப்புமே வாசித்திருக்கின்றன. இரண்டு தரப்பிடமும் விடை தயாராக இருந்தது. கல்விமுறை கொன்றது என்று ஒருவர், அரசியல் கொன்றது என்று இன்னொருவர். அந்தப் பெண் தாளின் பின்பக்கத்தில் எழுதியது கேள்விக்கான விடையல்ல. அந்தத் தாளில் முன்பக்கம் எதுவும் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அதனால் அவள் பின்பக்கத்தில் பேசினாள். அதைக் கேட்க யாரும் இல்லை. ஆங்கிலத் திணிப்பை எதிர்ப்பவர்கள் அவளை ஒரு கொடியாக்கிக்கொள்வது எளிது. நாம் அதைச் செய்யக்கூடாது. ஆங்கிலத்தைத் திணிக்கும் அதிகாரமும் ஆங்கிலத்தைத் தடைசெய்யும் அதிகாரமும் ஒரே தேர்வுத்தாளின் இரு பக்கங்களாக இருக்க முடியும் என்பதைத்தான் ஹெனான் நமக்குச் சொல்கிறது.

5

1977 டிசம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டது. 1978இல் முதுநிலைச் சேர்க்கை மீண்டது. சுமார் 63,500 பேர் விண்ணப்பித்து 10,700 பேர் சேர்ந்தார்கள். வயலிலும் ஆலையிலும் பத்தாண்டு கழித்தவர்கள் பழைய அகராதிகளைத் தூசி தட்டினார்கள். 1978 டிசம்பரில் 52 ஆய்வாளர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். 1981இல் டோஃபல் தேர்வு சீனாவுக்குள் வந்தது. 1982இல் பிபிசியின் ஆங்கிலப் பாடத்தொடர் சீனத் தொலைக்காட்சியில் ஓடியது. அந்தக் காலத்தின் ஆங்கிலப் பசி உண்மையானது. அடைத்து வைத்திருந்த கதவு திறந்தபோது வந்த காற்று அது. இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஏகாதிபத்தியச் சதி என்று பேசுவது நேர்மையல்ல.

ஆனால் பசி இருக்கும் இடத்தில் கடை வரும். 1987இல் கல்லூரி மாணவர்களுக்கான நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வும் 1989இல் ஆறாம் நிலைத் தேர்வும் தொடங்கின. 1993இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆங்கில ஆசிரியர் யூ மின்ஹொங், நியூ ஓரியன்டல் என்ற தனிப்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கான ஜிஆர்இ, டோஃபல் தேர்வுகளுக்கு ஆள் தயாரிப்பது அதன் முதல் தொழில். 2006இல் அது நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. யூ தொகுத்த ஜிஆர்இ சொற்பட்டியலுக்குச் சிவப்பு அட்டை. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹொங்பாவ்ஷூ', அதாவது சிவப்புப் பொக்கிஷ நூல்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சீனத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1964இல் படைவீரர்களுக்காக அச்சாகி, பின்னர் கலாச்சாரப் புரட்சியில் ஒவ்வொருவர் கையிலும் அசைந்த மாவோவின் மேற்கோள் நூலுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். ஒரு தலைமுறை அதை உருப்போட்டது. அடுத்த தலைமுறை அதே பெயரில் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டது. காவ்யான் ஆயத்த நூல்களிலும் இன்று ஒரு சிவப்புப் பொக்கிஷ நூல் விற்கிறது. மாணவர்கள் கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். கேலிக்குள் ஒரு துல்லியமான வரலாற்று அறிவு இருக்கிறது.

இந்தச் சொற்பட்டியல் என்னும் வடிவத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். காவ்யான் பாடத்திட்டம் கேட்பது சுமார் 5500 சொற்கள். பட்டியலில் ஒரு சொல், அதன் உச்சரிப்பு, எதிரே சீனப் பொருள். எந்தச் சொல்லும் அடுத்த சொல்லோடு பேசாது. பல நூல்களில் எந்த நாளில் எந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கும். எபிங்ஹவுஸின் மறதிக் கோட்டை வைத்து அமைத்தது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். இந்த ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் வெளியிட்ட ஆய்வில் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு மனப்பாடம் செய்தவை எவை தெரியுமா? பொருளற்ற அசைகள். பொருள் இருந்தால் நினைவு எளிதாகி அளவு கெட்டுவிடும் என்பதால், வேண்டுமென்றே அர்த்தம் நீக்கிய ஒலித்துண்டுகள். அர்த்தமில்லாததை மனிதன் எவ்வளவு வேகமாக மறக்கிறான் என்பதன் கோடு அது. ஒரு மொழியின் சொற்களைக் கற்க அந்தக் கோட்டை வழிகாட்டியாக வைத்தால், சொற்களை நாம் ஏற்கெனவே அர்த்தமற்ற அசைகளாக ஒப்புக்கொண்டுவிட்டோம் என்றுதான் ஆகிறது.

6

சொல் முடிந்தால் அடுத்து வாசிப்பு. முதல் ஆங்கிலத் தாளுக்கு மொத்தம் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். நான்கு பத்திகளைப் படித்து 20 கேள்விகளுக்கு விடை சொல்வதற்கே 40. இன்னொரு வாசிப்புப் பகுதிக்கு 10. கோடிட்ட ஐந்து வாக்கியங்களைச் சீனத்தில் மொழிபெயர்க்க 10. மீதி, இடம் நிரப்பலும் கட்டுரையும். வாசிப்பை வென்றவன் உலகை வென்றான் என்று பயிற்சி வகுப்புகளில் ஒரு பழமொழியே உண்டு. 2005 முதல் இந்த எழுத்துத் தேர்வில் கேட்டல் பகுதி கிடையாது. காதும் வாயும் பின்னால் நடக்கும் நேர்காணலுக்குப் போய்விட்டன. தேர்வுக்கூடத்தில் இருப்பது கண்ணும் பென்சிலும் மட்டுமே.

பத்திகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் ஆங்கில இதழ்களிலிருந்து. எகானமிஸ்ட், கார்டியன் போன்றவற்றின் கட்டுரைகள் வெட்டிச் சுருக்கப்பட்டுத் தேர்வுத்தாளில் ஏறுகின்றன. எகானமிஸ்ட் இதழின் இணையதளம் 2016இல் சீனாவில் தடுக்கப்பட்டது. கார்டியன் கதியும் அதுதான். ஆக, திறந்து படிக்க அனுமதியில்லாத ஒரு இதழின் பத்தியை ஒருவர் வரிவரியாக, வாக்கிய உறுப்பு பிரித்து, மாதக்கணக்கில் படிக்கிறார். லண்டனில் அந்த இதழுக்குச் சந்தா கட்டியவர்கூட இவ்வளவு உன்னிப்பாக அதை வாசித்திருக்க மாட்டார். இதில் முரண் இருப்பதாக அரசுக்கோ பயிற்சி நிறுவனத்துக்கோ தோன்றுவதில்லை. அவர்கள் நினைப்பது சரிதான். ஏனென்றால் இங்கே அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்பது பொருட்டே அல்ல. அது சொல்வது உண்மையா, பொய்யா, யாருக்காகச் சொல்கிறது என்று கேட்க இடமில்லாத வகையில்தான் கேள்விகள் அமைகின்றன. தடைசெய்வதைவிட நுட்பமான தணிக்கை இது. பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு அதனோடு வாதிடும் உரிமையை எடுத்துக்கொள்வது.

பயிற்சி ஆசிரியர்கள் தவறான விடைகளுக்கு வகைப்பெயர் வைத்திருக்கிறார்கள். கருத்தைத் திருட்டுத்தனமாக மாற்றுதல் ஒரு வகை. இல்லாததிலிருந்து உண்டாக்குதல் இன்னொன்று. இந்த இரண்டாவது பெயர் சீனத்தின் முப்பத்தாறு போர்த்தந்திரங்களில் ஒன்று. வாசிப்பு இங்கே யுத்தம், வினாத்தாள் தயாரித்தவன் எதிரி. ஒருமுறை தோற்று மறுமுறை எழுதுவதை 'இரண்டாம் போர்' என்கிறார்கள். உலகப் போரைக் குறிக்கும் அதே இரண்டு எழுத்துகள். வென்றால் 'கரையேறினான்'. நம் மொழியிலும் அதே சொல். கரை எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'இல்லாததிலிருந்து உண்டாக்குதல்' ஒரு குற்றம் என்பதை யோசித்துப் பாருங்கள். பிரதியில் எழுதப்படாததை வாசகன் தன் அனுபவத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதைத்தானே நாம் வாசிப்பு என்கிறோம்? வேலையின்மை பற்றிய பத்தியை வேலையில்லாதவன் படிக்கும்போது அவனுக்குத் தெரிந்தது எதுவும் அங்கே செல்லாது. தெரிந்ததை மறந்தால்தான் மதிப்பெண்.

பழைய வினாத்தாள்கள் 'மெய்வினா' எனப்படுகின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுத் தாள்களை மூன்று முறை, நான்கு முறை திரும்பப் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதவுரை, பொழிப்புரை, விசேட உரை போட்ட தடித்த நூல்கள் விற்கின்றன. வெளிநாட்டுத் தேர்வுகளில் எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து திரட்டும் வினாக்களுக்கு 'ஜிஜிங்' என்று பெயர். 'ஜிங்' என்பது அனுபவம் என்ற சொல்லின் முதல் எழுத்து. ஐந்து மறைகள் என்பதில் வரும் மறையும் அதே எழுத்துதான். இந்த வினாக்கள் யாருடையவை என்று நியூ ஓரியன்டல் மீது அமெரிக்கத் தேர்வு நிறுவனம் 2001இல் வழக்குப் போட்டது. 2003இல் கீழ் நீதிமன்றமும் 2004இல் பெய்ஜிங் உயர் நீதிமன்றமும் பதிப்புரிமை மீறப்பட்டது என்றே தீர்ப்பளித்தன. மறைநூலுக்கு உரிமையாளன் இருக்கிறான் என்பதை முதல்முறையாக நீதிமன்றம் சொன்னது.

ஜூ ஷியின் இடத்தில் விடைக்குறிப்பு. ஞானியின் இடத்தில் எகானமிஸ்டின் பெயர் தெரியாத கட்டுரையாளர். தியான்ஜினில், பொருள் வேறுபட்டால் ஆங்கிலப் பிரதியே சரி. இங்கே, பொருள் வேறுபட்டால் குறிப்பே சரி. கெஜூவும் உடன்படிக்கையும் டிசம்பர் மாதப் பிற்பகல் ஒன்றில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்கின்றன.

மொழிபெயர்ப்புப் பகுதியிலும் ஒரு அரசியல் இருக்கிறது. கோடிட்ட வாக்கியங்களைச் 'சீனத்தில்' பெயர்க்க வேண்டும். திபெத்திய, உய்குர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சீனமே இரண்டாவது மொழி. ஒரு பேரரசின் மொழியிலிருந்து இன்னொரு பேரரசின் மொழிக்கு அவர் பெயர்க்கிறார். அவரது தாய்மொழிக்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இடமில்லை. சிறுபான்மையினருக்கு மதிப்பெண் சலுகை உண்டு என்பார்கள். இருக்கலாம். சலுகை என்பது மௌனத்துக்குக் கொடுக்கும் விலை.

7

ஏன் இத்தனை லட்சம் பேர்? 1998இல் சுமார் 10.8 லட்சமாக இருந்த இளநிலைச் சேர்க்கையை 1999இல் அரசு ஒரே ஆண்டில் சுமார் 16 லட்சமாக்கியது. விரிவாக்கம் தொடர்ந்தது. 2023இல் பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் 1.158 கோடி. அதே ஆண்டு ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 விழுக்காடு என்று அறிவித்த அரசு, அடுத்த சில மாதங்களுக்கு அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு 47.4 லட்சம் பேர் தேர்வுக்கு விண்ணப்பிக்க, முதுநிலையில் சேர்ந்தவர்கள் சுமார் 11.5 லட்சம். இதில் தேர்வே எழுதாமல் பரிந்துரையில் வந்தவர்களும் அடக்கம். வேலை இல்லாத நிலத்தில் படிப்பு ஒரு காத்திருப்பு அறையாகிறது. ஆங்கிலம் அந்த அறையின் கதவுக் கொண்டி. தேசியக் கோடு பொறியியலுக்கு 40ஐ ஒட்டியும், இலக்கியத்துக்கு 50ஐக் கொஞ்சம் தாண்டியும்தான் இருக்கிறது. அதாவது யாரும் ஆங்கிலம் நன்றாகக் கற்க வேண்டும் என்பது நோக்கமல்ல. ஒரு கோடு வேண்டும். ஆளை வடிகட்ட, இரண்டு பக்கமும் நடுநிலையாகத் தோன்றுகிற ஒரு கோடு. நகரத்துப் பிள்ளைக்கும் குய்ஜோ மலைக்கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரே பத்தி, ஒரே கோடு, எனவே நியாயம்! பண்பாட்டு மூலதனம் தகுதியாக வேடமிடும் இடம் எது என்று பூர்தியுவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

2021இல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் பள்ளிகளில் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக வைத்திருக்க வேண்டாம் என்று முன்மொழிந்தார். பலர் கைதட்டினார்கள். கல்வி அமைச்சகம் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் மட்டும் என்ன? காலியாகும் இடத்தில் வேறொரு பாடம் வந்து உட்காரும். விடைக்குறிப்பு அப்படியே இருக்கும். கட்டவிழ்க்க வேண்டியது மொழியை அல்ல, அர்த்தத்தின்மீது உட்கார்ந்திருக்கும் அந்தக் குறிப்பை. ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் ஏழைப்பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள், அந்தப் பிள்ளை தடுக்கப்பட்ட இதழைத் தானே தேடிப்பிடித்துப் படித்து அதனோடு சண்டை போடும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள்.

அப்படியானால் எதிர்ப்பே இல்லையா? இருக்கிறது. மிகச் சிறியதாக, ஒரு நகைச்சுவையின் வடிவில். அகரவரிசையில் அமைந்த சொற்பட்டியல்கள் பலவற்றில் முதலில் நிற்கும் சொல் 'அபேண்டன்'. பொருள்: கைவிடு. ஒவ்வோர் ஆண்டும் பட்டியலைத் திறந்து, இந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு, அதன் சொற்படியே புத்தகத்தை மூடிவிட்டதாகச் சீன மாணவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஓடும் பகடி இது. இதைச் சோம்பேறித்தனத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் கவனித்தால், 5500 சொற்களில் எல்லோரும் உண்மையாகவே வாசித்த ஒரே சொல் அதுதான். எதிரே அச்சிட்ட பொருளோடு நிற்காமல், இந்தச் சொல் என்னைப் பார்த்துத்தான் பேசுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பட்டியலில் இல்லாத அர்த்தத்தை, பயிற்சி வகுப்பின் மொழியில் சொன்னால், இல்லாததிலிருந்து உண்டாக்கினார்கள்.

விடைக்குறிப்பில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வாசிப்பு என்று ஒன்று இருக்குமானால் அது தொடங்குவது இங்கேதான்.